பீடோர் கொய்யாவும் கிரீன் டீயும்: வீட்டிலேயே ஸ்மூத்தி செய்ய முழுமையான வழிகாட்டி

மலையில் தேயிலை, அடிவாரத்தில் கொய்யா. பேராக் மாநிலத்துப் பீடோரில் இருப்பவர்களுக்கு இரண்டுமே கைக்கெட்டும் தூரம்தான். பக்கத்துத் தாப்பாவில் தொடங்கும் சாலை வளைந்து வளைந்து கேமரன் மலைக்கு ஏறுகிறது. ஊருக்குள்ளேயோ சாலையோரக் கடைகளில் கொய்யா குவிந்து கிடக்கிறது. இருந்தும் நம் வீடுகளில் தேநீர் என்றால் டின்பால் ஊற்றியது, பழச்சாறு என்றால் சீனிப்பாகு ஊற்றியது என்றே பழகிவிட்டோம்.

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர் (நீரிழிவு) இருந்தது. இந்தியர்களை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால் 31.4 விழுக்காடு. தோட்டத்திலிருந்து பட்டணத்துக்கு வந்த குடும்பம் எதை எடுத்துக்கொண்டாலும், வீட்டில் ஒருவராவது மாத்திரை டப்பாவோடு இருக்கிறார். செம்பனைத் தோட்டத்தில் வெயிலில் நின்றுவிட்டு வருபவருக்கும், தொழிற்சாலை ஷிப்ட் முடிந்து மோட்டாரில் வருபவருக்கும் ஜில்லென்று ஏதாவது வேண்டும்தான். அந்த ஜில் சீனி இல்லாமலும் வரும், ருசியாகவும் வரும். அதற்காகத்தான் இந்த ஸ்மூத்தியை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

கிரீன் டீ ஸ்மூத்தி பிடிக்கவில்லை என்பவர்களைக் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் காரணம் இரண்டுதான். ஒன்று, கொதிக்கும் தண்ணீரை இலையில் ஊற்றிக் கசக்க வைத்திருப்பார்கள். இன்னொன்று, அந்தக் கசப்பை மறைக்க வாழைப்பழமும் தேனும் போட்டு, டீயே இல்லாத ஒரு கூழாக்கியிருப்பார்கள். இரண்டையும் சரி செய்துவிட்டால் மீதி எல்லாம் சுலபம்.

இலையைப் பற்றிக் கொஞ்சம்

கறுப்புத் தேயிலையும் கிரீன் டீயும் ஒரே செடியிலிருந்து வருபவை. பறித்த இலையை நசுக்கிக் காற்றாட விட்டால், இலைக்குள்ளேயே இருக்கும் பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்து அதைக் கறுக்க வைக்கும். நாம் தினமும் போடும் தேயிலைத்தூள் அப்படி வந்ததுதான். கிரீன் டீக்கு அந்த வாய்ப்பே கொடுப்பதில்லை. இலையைச் சீனாவில் பெரும்பாலும் சூடான வாணலியில் புரட்டுவார்கள், ஜப்பானில் ஆவியில் காட்டுவார்கள். சூடு பட்டதும் நொதி செயலிழந்துவிடும். பச்சை நிறமும் கேட்டகின் என்ற சத்துப்பொருள்களும் இலையிலேயே தங்கிவிடும். இந்த நொதியை ஞாபகத்தில் வைத்திருங்கள், பழம் தேர்ந்தெடுக்கும்போது மறுபடி வரும்.

எந்த கிரீன் டீ வாங்குவது? உதிரி இலை கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. பட்டணத்துச் சீன மளிகைக் கடைகளில் சீன இலை கிடைக்கும். மல்லிகை மணமுள்ள கிரீன் டீ அன்னாசிக்கும் கொய்யாவுக்கும் அருமையாகப் பொருந்தும். ஜப்பானிய செஞ்சா மாம்பழத்தோடு நன்றாக இருக்கும், கொஞ்சம் விலை கூட. டீ பேக் மட்டும்தான் வீட்டில் இருக்கிறதா? பரவாயில்லை. அதில் இருப்பது பொடி இலை, சீக்கிரம் கசந்துவிடும், அதனால் நேரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். பாட்டிலில் விற்கும் இனிப்பு கிரீன் டீயை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள். சீனியைத் தவிர்க்கத்தானே வீட்டில் செய்கிறோம்.

முதல் படி: டீ இறக்குவது

இதற்கு இரண்டு வழி. எனக்கு மனதார உகந்தது குளிர்ந்த தண்ணீரில் ஊறவைப்பதுதான். காரணம் சொல்கிறேன். டீயின் கசப்பும் துவர்ப்பும் பெரும்பாலும் கேட்டகினிலிருந்தும் கஃபீனிலிருந்தும் வருகின்றன, இரண்டும் சூட்டில்தான் வேகமாக இறங்கும். இலையின் மெல்லிய இனிப்புக்குக் காரணமான தியானின் என்ற பொருள் குளிர்ந்த தண்ணீரிலும் தாராளமாக இறங்கிவிடும். அதனால் ஊறவைத்த டீ கசக்காது, சீனி கேட்காது.

ஒரு லிட்டர் தண்ணீருக்கு 10 கிராம் இலை, அதாவது தேக்கரண்டியில் நான்கைந்து. கொதிக்க வைத்து ஆற வைத்த தண்ணீராக இருக்கட்டும். மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் இரண்டையும் போட்டு ஐஸ்பெட்டியில் வையுங்கள். இரவு படுக்கப் போகும்போது வைத்தால் காலையில் தயார். ஆறிலிருந்து எட்டு மணி நேரம் போதும். வடிகட்டி, இலையை அப்புறப்படுத்திவிட்டு, டீயை மறுபடி ஐஸ்பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். நம்ம ஊர் வெக்கைக்கு இதை அடுப்பு மேடையில் ஊறவைக்கக் கூடாது. சூடே காட்டாத டீ என்பதால் கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். வடித்ததை இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

உடனே வேண்டும் என்றால் சூடான வழி. இதற்குத் தண்ணீர் 70 முதல் 80 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெப்பமானி யார் வீட்டில் இருக்கிறது? அதற்கு ஒரு கணக்கு உண்டு. கொதிக்கும் தண்ணீர் இரண்டு பங்கு, பானையில் இருக்கும் சாதாரண தண்ணீர் ஒரு பங்கு. நம்ம ஊரில் சாதாரண தண்ணீர் 28 டிகிரி அளவில் இருக்கும் என்பதால், கலந்தால் ஏறக்குறைய 75 டிகிரிக்கு வந்து நிற்கும். இதை முதலில் கலந்துவிட்டு, அப்புறம்தான் இலைமேல் ஊற்ற வேண்டும்.

இரண்டு பேருக்கு என்றால் 300 மில்லி தண்ணீருக்கு 6 கிராம் இலை. சும்மா குடிக்கும் டீக்குப் போடுவதை விட இது இரு மடங்கு. பழத்தோடு சேரும்போது டீயின் வாசம் அமுங்கிவிடும் என்பதால் இந்த அளவு தேவை. மூன்று நிமிடம் கழித்து வடித்துவிடுங்கள். டீ பேக் என்றால் மூன்று போட்டு, இரண்டே நிமிடத்தில் எடுத்துவிடுங்கள், எடுக்கும்போது பிழிய வேண்டாம். கடுப்பு இன்னும் வேண்டுமா, இலையைக் கூட்டுங்கள். நேரத்தைக் கூட்டினால் கசப்புதான் கூடும். வடித்த டீ முழுதாக ஆறிய பிறகு ஐஸ்பெட்டியில் வைத்து ஜில்லாக்குங்கள். சூடு தணியாமல் பிளெண்டரில் ஊற்றினால் பழம் வெந்த வாசம் வரும், மூடியும் எகிறும்.

கிரீன் டீ இலையையே பொடித்த மாட்சா தூள் வைத்திருப்பவர்கள் ஒரு தேக்கரண்டி தூளைச் சலித்து, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீரில் கட்டியில்லாமல் அடித்துக் குளிர்ந்த தண்ணீரில் கலந்தால் போதும். அதில் இலையையே முழுதாகக் குடிக்கிறோம் என்பதால் கஃபீன் அதிகம்.

இரண்டாம் படி: டீயிலேயே ஐஸ் கட்டி

இதைத் தவறவிடாதீர்கள். வெறும் தண்ணீர் ஐஸ் போட்டால் பாதி டம்ளர் குடிப்பதற்குள் எல்லாம் சப்பென்று ஆகிவிடும். வடித்த டீயில் ஒரு பங்கை ஐஸ் தட்டில் ஊற்றி உறைய வையுங்கள். கரையக் கரைய டீதானே சேரும். கஸ்தூரி எலுமிச்சைச் சாற்றை ஒவ்வொரு குழியிலும் இரண்டு சொட்டு விட்டு உறைய வைத்தால் நிறமும் மங்காது.

பழத்தையும் அப்படியே. கனிந்த மாம்பழம், அன்னாசி, பப்பாளி எதுவானாலும் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, அப்புறம் பிளாஸ்டிக் பையில் கட்டி வையுங்கள். பசார் மாலாமில் கடை கட்டும் நேரத்தில் மலிவாகத் தள்ளிவிடும் கனிந்த பழங்கள் இதற்கென்றே இருப்பவை. ஸ்மூத்தி கெட்டியாக வருவதற்கு உறைந்த பழமே போதும், ஐஸ்கிரீமோ பாலோ வேண்டியதில்லை.

மூன்றாம் படி: பழம், முக்கியமாக எந்தப் பழம் வேண்டாம்

வாழைப்பழம் வேண்டாம். எந்த ஸ்மூத்தி குறிப்பை எடுத்தாலும் முதலில் இருப்பது அதுதான் என்பதால், காரணத்தையும் சொல்ல வேண்டும். வாழைப்பழத்தை நறுக்கி வைத்தால் கறுக்கிறதே, அதைச் செய்வது மேலே சொன்ன அதே நொதி. கேட்டகின்கள் ஃபிளேவனால் என்ற வகையைச் சேர்ந்தவை. 2023ல் வெளியான ஓர் ஆய்வில், வாழைப்பழ ஸ்மூத்தியோடு ஃபிளேவனால் எடுத்தவர்களின் இரத்தத்தில், வெறும் மாத்திரையாக எடுத்தபோது இருந்ததைவிட 84 விழுக்காடு குறைவாக அது சேர்ந்திருந்தது. தோட்டத்தில் இலையைச் சூடு காட்டி அந்த நொதியை அடக்கியது எதற்காக? நாம் அதை வாழைப்பழமாகத் திரும்பக் கொண்டுவந்து பிளெண்டரில் போடுவதற்காகவா? வாழைப்பழம் நல்ல பழம்தான், தனியாகச் சாப்பிடுங்கள். கிரீன் டீயோடு மட்டும் சேர்க்காதீர்கள்.

நறுக்கியதும் வேகமாகக் கறுக்கும் பழம் எதையும் சந்தேகத்தோடு பாருங்கள், ஆப்பிளும் அதில் சேர்த்தி. அன்னாசி, மாம்பழம், ஆரஞ்சு போன்றவற்றில் இந்த நொதி குறைவு. புளிப்பு இந்த நொதியைத் தளர்த்தும் என்பதால், எந்தப் பழமானாலும் நறுக்கிய கையோடு கஸ்தூரி எலுமிச்சை பிழிந்துவிடுவது நல்ல பழக்கம். எலுமிச்சையால் இன்னொரு நன்மையும் உண்டு. கேட்டகின்கள் குடலில் சீக்கிரம் சிதைந்துவிடும். எலுமிச்சை வகைச் சாறு சேர்த்தால் அவை கூடுதலாகத் தாக்குப்பிடிக்கின்றன என்று பர்டூ பல்கலைக்கழகத்தின் ஆய்வுக்கூடச் சோதனை ஒன்று 2007ல் காட்டியது.

இனி நம்ம ஊர்ப் பழங்கள். கொய்யாவில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 228 மில்லிகிராம் வைட்டமின் சி இருக்கிறது, ஆரஞ்சில் 53தான். நார்ச்சத்து 5 கிராமுக்கு மேல், சர்க்கரையோ 9 கிராம் அளவுதான். இனிப்புநீர் உள்ளவர்களின் வீட்டில் முதலிடம் கொய்யாவுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். பப்பாளியும் அவர்களுக்கு ஒத்துவரும். மார்டி எனும் வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1987ல் வெளியிட்ட எக்சோத்திகா வகை சிறியது, ஒரு வேளைக்குச் சரியாக இருக்கும். மாம்பழத்தில் 100 கிராமுக்கு 14 கிராம் வரை சர்க்கரை என்பதால் அளவோடு.

நட்சத்திரப் பழம், அதுதான் பிளிம்பிங், பார்க்க அழகாக இருக்கிறதென்று இதில் போடுவார்கள். சிறுநீரகக் கோளாறு உள்ள யாராவது வீட்டில் இருந்தால் அந்தப் பழத்தைத் தொடவே கூடாது. சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாத நச்சு அதில் இருக்கிறது, விக்கலில் தொடங்கி வலிப்பு, மயக்கம், உயிராபத்து வரை போகும். டயாலிசிஸ் போகிறவர்களுக்குத் தெரியாமல்கூட ஒரு டம்ளர் கொடுத்துவிடாதீர்கள்.

நான்காம் படி: அடிப்பது

இரண்டு உயரமான டம்ளருக்கு அளவு இது: ஜில்லென்ற டீ 250 மில்லி, டீ ஐஸ் ஆறு கட்டி, பழம் 300 கிராம் (அதில் பாதியாவது உறைந்ததாக), கஸ்தூரி எலுமிச்சை மூன்று, உப்பு ஒரு சிட்டிகை. உப்பு எதற்கென்று யோசிக்காதீர்கள், அது கசப்பை அமுக்கிப் பழத்தின் இனிப்பைத் தூக்கிக் காட்டும்.

பிளெண்டரில் முதலில் டீ, அதன்மேல் மென்மையான பழம், கடைசியில் உறைந்த பழமும் ஐஸும். இந்த வரிசையை மாற்றினால் கத்தி சுற்றுவதற்குத் தண்ணீர் கிடைக்காமல் மோட்டார் முனகும். முதலில் விட்டுவிட்டு நாலைந்து தடவை தட்டுங்கள், கட்டிகள் உடைந்ததும் தொடர்ந்து 40 வினாடி ஓட விடுங்கள். அதற்கு மேல் ஓடினால் சூடேறி நுரை தள்ளும். பழைய பிளெண்டர், ஐஸ் உடைக்காது என்றால், டீ ஐஸைச் சுத்தமான துணியில் முடிந்து குழவியால் இரண்டு தட்டு தட்டிப் போடுங்கள். உறைந்த பழத்தையும் ஐந்து நிமிடம் வெளியே வைத்த பிறகே போடுங்கள்.

கெட்டியாகிவிட்டதா, டீ இரண்டு மேசைக்கரண்டி ஊற்றி ஒரு சுற்று. நீர்த்துவிட்டதா, உறைந்த பழம் ஒரு பிடி. கசக்கிறதா, இன்னொரு கஸ்தூரி எலுமிச்சையும் ஒரு துண்டு மாம்பழமும். சீனியைத் தேடாதீர்கள்.

நான்கு கலவைகள்

கொய்யா அசம்போய்: கொய்யாவின் நடுவிலிருக்கும் விதைப் பகுதியைக் கரண்டியால் எடுத்துவிடுங்கள். அரைபட்ட விதை பல்லில் நறநறக்கும். சதையை நறுக்கி உடனே எலுமிச்சை பிழிந்து, டீயோடு அடியுங்கள். கொட்டை நீக்கிய அசம்போய் (உப்பிட்டுக் காய வைத்த பிளம்) ஒன்றைக் கூடவே போட்டால் உப்பு தனியாக வேண்டாம். அசம்போயில் உப்பு நிறைய, சிலவற்றில் இனிப்பும் சேர்த்திருப்பார்கள் என்பதால் ஒன்றுக்கு மேல் வேண்டாம். கொஞ்சம் பச்சையாக, கடித்தால் நொறுங்கும் கொய்யா வாசத்துக்குச் சரி, ஆனால் குழைவு வராது. பாதி கனிந்தது, பாதி பச்சை என்று எடுங்கள். சாலையோரக் கடையில் அசம்போய்த் தூள் தூவித் தரும் கொய்யாவின் அதே ருசி, டீ வாசத்தோடு. இந்த நான்கில் எனக்கு இதுதான் மிகவும் பிடித்தது.

அன்னாசி புதினா: மல்லிகை கிரீன் டீ, நன்றாகப் பழுத்த அன்னாசி, ஏழெட்டுப் புதினா இலை. இதில் தயிரோ பாலோ சேர்க்க வேண்டாம். அன்னாசியில் உள்ள புரோமலைன் என்ற நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கொஞ்ச நேரத்திலேயே கசக்க வைத்துவிடும். உறைய வைத்தாலும் அந்த நொதி சாகாது. பப்பாளிக்கும் இதே கதைதான்.

பப்பாளி இஞ்சி: கட்டைவிரல் நுனியளவு இஞ்சியைத் துருவிச் சாறு மட்டும் பிழியுங்கள். பப்பாளிக்குப் புளிப்பு கம்மி என்பதால் எலுமிச்சை நான்காகட்டும். தண்ணீரில் பத்து நிமிடம் ஊறிய சப்ஜா விதை, கடையில் பிஜி செலாசே என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரு மேசைக்கரண்டி மேலே போட்டால் வயிறு நிறைந்த மாதிரி இருக்கும்.

மாம்பழத் தயிர்: தயிர் சேர்க்க ஆசைப்படுபவர்களுக்கு இது. மாம்பழம் 200 கிராம், புளிக்காத கட்டித்தயிர் நான்கு மேசைக்கரண்டி, டீ 250 மில்லி, டீ ஐஸ். ஏலக்காய் ஒன்று தட்டிப் போடுங்கள்.

இனிப்பு வேண்டுமே என்பவர்களுக்கு

ஒரு மேசைக்கரண்டி டின்பாலில் மட்டும் ஏறக்குறைய 10 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஒரு நாளைக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தேனையும் குலா மலாக்கா எனும் தென்னை வெல்லத்தையும் சிலர் பாதகமில்லை என்று ஊற்றுகிறார்கள், உடம்புக்கு அவையும் சர்க்கரைதான். வீட்டில் தாத்தா பாட்டிக்கு இனிப்பு இல்லாமல் இறங்காது என்றால், முதல் வாரம் கனிந்த மாம்பழம் பாதி, கொய்யா பாதி என்று கொடுத்துப் பாருங்கள். அப்புறம் மாம்பழத்தை மெல்லக் குறைத்துக்கொண்டு வரலாம். பழமும் கணக்கில் சேரும் என்பதால், இனிப்புநீருக்கு மருந்து எடுப்பவர்கள் ஒரு சிறிய டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வடிகட்டாமல் நாரோடு குடியுங்கள்.

யார், எப்போது

சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள். கீரை, பருப்பு போன்றவற்றிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்வதை டீ தடுக்கும். கொய்யாவின் வைட்டமின் சி அதைக் கொஞ்சம் ஈடுகட்டும் என்றாலும், இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுவது நல்லது. காலையில் வெறும் வயிற்றிலும் வேண்டாம், சிலருக்குக் குமட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் குடித்தால் தூக்கம் வராதவர்களும் உண்டு. கர்ப்பிணிகள் காப்பி, தே எல்லாம் சேர்த்துக் கஃபீனை ஒரு நாளைக்கு 200 மில்லிகிராமுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் கிரீன் டீயைத் தினசரி பழக்கமாக்கும் முன் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள்.

மிஞ்சினால்

அடித்த ஸ்மூத்தியை அப்போதே குடிப்பதுதான் முறை. அரை மணி நேரத்தில் பிரிந்து, மேலே நுரையும் கீழே தண்ணீருமாக நிற்கும். குலுக்கிக் குடிக்கலாம், ஆனால் வாசம் போயிருக்கும். நாளைக்கு வேண்டுமானால் டீயையும் உறைந்த பழத்தையும் தனித்தனியாக வைத்துக்கொண்டு, அடிப்பதை மட்டும் நாளைக்குச் செய்யுங்கள்.

மிஞ்சியே விட்டதென்றால் ஐஸ்கிரீம் மலேசியா கட்டுங்கள். அந்த நீளமான பிளாஸ்டிக் பையை இனிப்புப் பண்டம் செய்யும் சாமான் விற்கும் கடைகளில் கட்டுக்கட்டாக விற்கிறார்கள். புனலால் முக்கால் பை நிரப்பி, காற்றை வெளியேற்றி முடிச்சுப் போட்டு, படுக்கை வசத்தில் உறைய வைத்தால் மறுநாள் தயார். பிள்ளைகளுக்கென்று கட்டினால் டீயைப் பாதியாகக் குறைத்து இளநீர் சேருங்கள். ரொம்பச் சின்னப் பிள்ளைகளுக்கு டீயே இல்லாமல் பழமும் இளநீரும் மட்டும்.